பிரித்தெடுக்கப்பட்ட அல்லேலூயா: லெனார்ட் கோஹனின் ‘வேரியஸ் பொசிஷன்ஸ்’ – ஒரு திறனாய்வு

திருமறையின் எபிரெயச் சொற்களுள் மொழிபெயர்க்கப்படாமலே உலக மொழிகள் பலவற்றிலும் குடியேறியவை சிலவே. ‘ஆமென்’ அவற்றுள் ஒன்று; ‘அல்லேலூயா’ மற்றொன்று. நமது ஆராதனைகளில் இச்சொல் மிகுதியாக ஒலிக்கிறது. ஆயினும் திருமறையில் இஃது எளிதில் எட்டப்படும் சொல்லன்று. எபிரெயச் சங்கீதப் புத்தகத்தின் முதல் 103 சங்கீதங்களில் இச்சொல் ஓரிடத்திலும் வருவதில்லை. 104ஆம் சங்கீதத்தின் முடிவில்தான் முதன்முறையாக ஒலிக்கிறது. புதிய ஏற்பாட்டிலோ வெளிப்படுத்தின விசேஷம் 19ஆம் அதிகாரத்தில் மட்டும் நான்கு முறை வருகிறது. முறையீடும் குற்ற அறிக்கையும் கைவிடப்பட்டோரின் அழுகையும் மிகுந்த நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைக் கடந்த பின்னரே சங்கீதத் தொகுப்பு இச்சொல்லிடம் வந்து சேருகிறது.

இச்சொல்லையே பெயராகக் கொண்ட ஆங்கிலப் பாடல் ஒன்று கடந்த சில பத்தாண்டுகளில் உலகெங்கும் பரவியுள்ளது. அதனை இயற்றியவர் லெனார்ட் கோஹன். அப்பாடலை அறிந்தோர் பலர்; அது முதன்முதலாக இடம்பெற்ற ‘வேரியஸ் பொசிஷன்ஸ்’ என்னும் இசைத்தட்டை முழுமையாகக் கேட்டோர் சிலரே. ஒரு பாடலின் புகழ் அதன் உடன்பிறந்த எட்டுப் பாடல்களை மறைத்துவிட்டது. இதனால் மறைந்த எட்டுக்கு நேர்ந்த இழப்பைவிட, புகழ்பெற்ற ஒன்றுக்கு நேர்ந்த இழப்பே பெரிது என்பது இக்கட்டுரையின் கருத்து. தன் இடத்தினின்று பிரித்தெடுக்கப்பட்ட துதி தன் பொருளையும் இழக்கிறது.

1. ஆசிரியரும் காலச் சூழலும்

கோஹன் 1934 செப்டம்பர் 21 அன்று கனடாவின் மொன்றியால் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அவர் குடும்பத்தார் அந்நகரின் ‘ஷார் ஹஷோமயிம்’ ஜெபஆலயத்தில் முதன்மைப் பொறுப்புகளை வகித்தவர்கள். தாய்வழிப் பாட்டனார் தல்மூதில் புலமை பெற்ற ரபீ. அவரோடு அமர்ந்து ஏசாயாவின் நூலைப் படித்த நாள்களைக் கோஹன் பிற்காலத்தில் அன்போடு நினைவுகூர்ந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். 1956இல் முதற்கவிதைத் தொகுப்பையும், 1963இலும் 1966இலும் இரு நாவல்களையும் வெளியிட்ட பின்னரே, 1967இல், தம் 33ஆம் வயதில், முதல் இசைத்தட்டைத் தந்தார். எனவே அவரை இசை வழியாக எழுத்துக்கு வந்தவர் என்பதினும், எழுத்து வழியாக இசைக்கு வந்தவர் என்பதே பொருந்தும்.

1979இல் வெளிவந்த இசைத்தட்டுக்குப் பின் ஐந்தாண்டுகள் அவரிடமிருந்து புதிய இசைத்தட்டு எதுவும் வரவில்லை. பின்னர், ஐம்பது வயது நிறைவெய்திய 1984ஆம் ஆண்டில், இரண்டு படைப்புகள் தோன்றின. ஒன்று, ‘புக் ஆஃப் மெர்சி’ என்னும் நூல். அது ஐம்பது உரைநடை வேண்டுதல்களைக் கொண்டது. சங்கீதங்களின் சாயலில் எழுதப்பட்டது. மற்றொன்று, ‘வேரியஸ் பொசிஷன்ஸ்’. நூலில் ஒருவர் தனித்திருந்து வேண்டுகிறார். இசைத்தட்டில் அதே மனிதர் சந்தையிலும் போர்க்களத்திலும் இல்லத்திலும் நின்று பாடுகிறார்.

இசைத்தட்டின் தயாரிப்பாளர் ஜான் லிசாவர். 1974இலும் கோஹனோடு பணியாற்றியவர் அவர். பதிவு முடிந்தபின், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதனை வெளியிடக் கொலம்பியா நிறுவனம் மறுத்துவிட்டது. கோஹன் பெரியவர் என்பதை அறிவோம், ஆனால் தேறுவாரா என்பதை அறியோம் என்னும் கருத்துப்பட அந்நிறுவனத் தலைவர் வால்டர் யெட்னிகாஃப் தம்மிடம் கூறியதாகக் கோஹனே பலமுறை சொல்லியிருக்கிறார். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்த இத்தட்டு, அமெரிக்காவில் 1985இல் ‘பாஸ்போர்ட்’ என்னும் சிறு நிறுவனத்தின் வாயிலாகவே விற்பனைக்கு வந்தது. இன்று எண்ணற்றோர் பாடும் ‘அல்லேலூயா’ அன்று வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட தட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

இசையமைப்பைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். இதில் கோஹன் தம் வழக்கமான கித்தாரோடு சிறிய காசியோ மின்விசைப் பலகையின் தாளத்தையும் ஏற்றுக்கொண்டார். மலிவான அவ்வொலி இன்று பழமை தட்டிக் கேட்பதை மறுப்பதற்கில்லை. கோஹனின் குரலோ இக்காலத்தில் மிகவும் தாழ்ந்து, பாடுவதற்கும் பேசுவதற்கும் இடைப்பட்டதாயிற்று. அதனருகே ஜெனிஃபர் வார்ன்ஸ் என்னும் பாடகியின் தெளிந்த குரல் பெரும்பாலான பாடல்களில் உடன் செல்கிறது. தளர்ந்த குரல் விண்ணப்பிக்க, தெளிந்த குரல் அதைத் தாங்கிச் செல்வது போன்ற இவ்வமைப்பு, ஆராதனையில் ஒருவர் முன்னுரைக்கச் சபையார் மறுமொழி கூறும் முறையை நினைவூட்டுகிறது.

2. முதற்பக்கம்: துதிக்கு முன் நிற்பவை

‘வேரியஸ் பொசிஷன்ஸ்’ என்பதற்குப் ‘பல்வேறு நிலைகள்’ என்று பொருள் கொள்ளலாம். இறைவன் முன் மனிதன் கொள்ளும் நிலைகள் எனப் படித்தால் ஒன்பது பாடல்களும் ஓர் ஒழுங்கில் அமைகின்றன. இதே 1984இல் வெளிவந்த தம் சங்கீத விளக்கவுரையில் வால்டர் புருகெமன் என்னும் பழைய ஏற்பாட்டு அறிஞர், சங்கீதங்களை நிலைபெற்ற வாழ்வின் பாடல்கள், நிலைகுலைந்த வாழ்வின் பாடல்கள், புதிதாய் நிலைபெற்ற வாழ்வின் பாடல்கள் என மூவகையாகப் பிரித்தார். பாடகரும் அறிஞரும் ஒருவரையொருவர் நோக்கி எழுதவில்லை. ஆயினும் அவ்வகைப்பாடு இந்த இசைத்தட்டைக் கேட்பதற்கு நல்ல துணையாகிறது.

முதற்பாடல் ‘டான்ஸ் மீ டு தி எண்ட் ஆஃப் லவ்’. கேட்போர் இதனை இனிய காதற்பாடலாகக் கொள்வர். திருமணங்களிலும் இது இசைக்கப்படுகிறது. ஆனால் இதன் தோற்றம் வேறு. நாசி வதைமுகாம்கள் சிலவற்றில், எரியூட்டும் உலைகளின் அருகே, கைதிகளாலான இசைக்குழுக்கள் வாசிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டன என்னும் செய்தியிலிருந்தே இப்பாடல் பிறந்தது எனக் கோஹன் விளக்கியுள்ளார். அதை அறிந்தபின் இதன் வயலின் நமக்கு வேறு விதமாய்க் கேட்கும். பாபிலோன் ஆறுகளருகே பாடும்படி சிறைபிடித்தோர் கேட்ட 137ஆம் சங்கீதத்தின் கேள்வி இங்கு நடனமாக மாறியிருக்கிறது. இத்தட்டில் எழும் துதி எதுவாயினும், அது இந்த நெருப்பைக் கண்டபின் எழும் துதியாகும்.

இரண்டாம் பாடலான ‘கமிங் பேக் டு யூ’ திரும்பி வருதலைப் பாடுகிறது. எபிரெயத்தில் மனந்திரும்புதலுக்குரிய சொல்லும் திரும்பி வருதலையே குறிக்கும் என்பதை இறையியல் மாணவர் அறிவர். எவரிடம் திரும்புகிறார் என்பதைப் பாடல் கூறவில்லை. மனைவியா, காதலியா, இறைவனா என்னும் ஐயம் தீர்க்கப்படாமலே விடப்படுகிறது. ஓசியாவின் நூலைப் படித்தோர்க்கு இவ்வையம் புதிதன்று.

‘தி லா’ என்னும் மூன்றாம் பாடல் நீதிமன்றத்தில் நிற்கும் மனிதனின் பாடல். அவன் குற்றமற்றவன் என வாதாடவுமில்லை. மனிதரிடம் இரக்கம் கேட்கவுமில்லை. சட்டம் ஒன்று உண்டு என்று அறிந்திருப்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறான். அதன் பல்லவி சட்டத்தோடு புயத்தையும் கரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இஸ்ரவேலை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணிய பலத்த கையையும் ஓங்கிய புயத்தையும் பற்றிய உபாகமம் 26:8ஐ இங்கு நினையாதிருக்க இயலாது. நியாயந்தீர்க்கும் சட்டமும் விடுவிக்கும் கரமும் ஒன்றே என்பது யூத விசுவாசத்தின் உயிர்நாடி. நியாயப்பிரமாணத்தையும் கிருபையையும் எதிரெதிராகவே நிறுத்திப் பழகிய நம் போதனைக்கு இப்பாடல் ஒரு திருத்தமாக அமையலாம்.

நான்காவது ‘நைட் கம்ஸ் ஆன்’. இதுவே இத்தட்டின் மிக நிறைவான பாடல் என்பது எம் எண்ணம். தாயின் கல்லறை, எகிப்தில் நடக்கும் போர், வீழும் தந்தை, மனைவி மக்கள், நண்பர் கூடும் மதுக்கடை எனக் காட்சிகள் மாறுகின்றன. வரலாற்றில் கோஹனின் தந்தை 1944இல் மொன்றியாலில் இறந்தார்; பாடலிலோ போர்க்களத்தில் வீழ்கிறார். 1973ஆம் ஆண்டுப் போரின்போது கோஹன் சீனாய்ப் பகுதியில் போர்வீரர்கள் நடுவே பாடியவர். அந்நினைவும் இதில் கலந்திருக்கக் கூடும். ஒவ்வொரு முறையும் பாடுபவன் இரவுக்குள் ஒதுங்கி ஆறுதல் பெற விழைகிறான். ஒவ்வொரு முறையும் உலகத்திற்குத் திருப்பி அனுப்பப்படுகிறான். ஓரேபில் குகைக்குள் ஒதுங்கிய எலியாவும் இவ்வாறே திருப்பி அனுப்பப்பட்டான்.

முதற்பக்கம் இங்கே முடிகிறது. வதைமுகாமும் திரும்பி வருதலும் நியாயத்தீர்ப்பும் கல்லறையும் கடந்தாயின. இனித் தட்டைத் திருப்பிப் போட்டால்தான் அல்லேலூயா கேட்கும்.

3. அல்லேலூயாவும் அது இழந்த சரணங்களும்

1984ஆம் ஆண்டுப் பதிவில் ‘அல்லேலூயா’ நான்கு சரணங்களைக் கொண்டது. முதற்சரணம் இறைவனுக்கு உகந்த இசையைக் கண்டறிந்த தாவீதைப் பற்றியது. சுரங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் சொற்கள் விவரிக்கும்போது மெட்டும் அவ்வாறே நடப்பது பாடலின் நுட்பம். இரண்டாவது, உப்பரிகையிலிருந்து குளிக்கும் பெண்ணைக் கண்ட அரசனின் வீழ்ச்சியை, தலைமயிர் சிரைக்கப்பட்ட சிம்சோனின் வீழ்ச்சியோடு இணைக்கிறது. மூன்றாவது ஒரு வழக்கு. இறைவனின் நாமத்தை வீணிலே வழங்கினாய் என்னும் குற்றச்சாட்டுக்கு மறுமொழி கூறப்படுகிறது. யாத்திராகமம் 20:7 இதன் பின்புலம். தூய உள்ளத்தினின்று எழும் துதியும் நொறுங்கிய உள்ளத்தினின்று எழும் துதியும் ஒரே ஒளியைத் தாங்குகின்றன என்பது அம்மறுமொழியின் சாரம். நான்காவது குற்ற அறிக்கை. தன் முயற்சி போதாதென்பதையும் எல்லாம் பிழையாய்ப் போயிற்றென்பதையும் மறையாது ஒப்புக்கொண்டு, பாடலின் ஆண்டவர் முன் வெறுங்கையனாய் நிற்பேன் என அவன் முடிக்கிறான்.

1991இல் வெளிவந்த கோஹன் புகழ்த் தொகுப்பொன்றில் ஜான் கேல் என்பவர் இப்பாடலைப் பாடினார். கோஹன் தம் மேடைகளில் பாடிவந்த வேறு சரணங்களையும் கேட்டு வாங்கி, தமக்கு ஏற்றவற்றைத் தெரிந்துகொண்டார். 1994இல் ஜெஃப் பக்லி அவ்வடிவத்தைப் பின்பற்றிப் பாடினார். 2001இல் ‘ஷ்ரெக்’ என்னும் திரைப்படம் கேலின் பாட்டைப் பயன்படுத்த, அது வீடுகள்தோறும் சென்று சேர்ந்தது. இன்று பெரும்பாலோர் அறிந்தது இவ்வடிவத்தையே.

இதில் முதலிரு சரணங்கள் உள்ளன. மூன்றாவதும் நான்காவதும் இல்லை. அவற்றின் இடத்தில் பிரிந்துபோன காதலைப் பற்றிய சரணங்கள் வந்துள்ளன. கடவுள் உண்டோ என்னும் ஐயத்தைத் தொட்டு, காதலின் கசப்போடு பாடல் முடிகிறது. நாமத்தைப் பற்றிய வழக்கும் போயிற்று. ஆண்டவர் முன் நிற்கும் மனிதனும் போனான். பெயர் மட்டும் அல்லேலூயாவாக நிலைத்தது. கேல் செய்தது பிழையெனக் கூறுதல் நேர்மையாகாது. சரணங்களைத் தந்தவர் கோஹனே. ஆயினும் கோஹன் தம் மேடைகளில் மற்றவற்றை மாற்றியபோதும், அந்த நான்காம் சரணத்தைப் பாடியே முடிப்பது அவர் வழக்கமாயிருந்தது. வேறு எதை விட்டாலும் அதை விடலாகாது என அவர் கருதியிருத்தல் வேண்டும்.

4. ஒரு மறுப்புரை

பாராட்டுவோர் குறையையும் கூறுதல் கடன். 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தில் பத்சேபாள் அரசனால் ஆளனுப்பி அழைத்துவரப்பட்டவள். அதிகாரம் அரசனிடத்தில் இருந்தது. அவள் கணவன் உரியா சூழ்ச்சியால் கொல்லப்பட்டான். கோஹனின் இரண்டாம் சரணமோ பத்சேபாளையும் தெலீலாளையும் ஒரே பெண்ணாக்கி, அவளையே கட்டுபவளாகவும் அரியணையை உடைப்பவளாகவும் காட்டுகிறது. குற்றம் செய்தவன் குற்றத்திற்கு ஆளானவன் போலாகிறான். உரியாவுக்குப் பாடலில் இடமில்லை. ‘நீயே அந்த மனுஷன்’ என்று விரல் நீட்ட நாத்தானும் இல்லை. 51ஆம் சங்கீதத்தின் தலைப்பு நாத்தானின் வருகையைக் குறிப்பிட்டே தொடங்குவதை ஒப்பிட்டு நோக்குக. நொறுங்கிய உள்ளத்தின் துதி மேலானதுதான். ஆனால் அவ்வுள்ளம் யாரை நொறுக்கியது என்னும் வினாவையும் திருமறை விடுவதில்லை. திருமணங்களில் இப்பாடலை அனுமதிக்கும் ஆயர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இக்குறை ‘அல்லேலூயா’வைத் தனித்துக் கேட்கும்போது பெரிதாகிறது. ‘தி லா’ பாடலை முன்னரே கேட்டவர்க்கோ, நாத்தானின் குரல் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. சட்டமும் கரமும் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டன. இதுவும் இசைத்தட்டை முழுமையாகக் கேட்க வேண்டியதற்கு ஒரு காரணம்.

5. துதிக்குப் பின்

அல்லேலூயாவோடு தட்டு முடிவதில்லை. அடுத்து வரும் ‘தி கேப்டன்’ நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. அமெரிக்க நாட்டுப்புற இசையின் துள்ளலில், இறக்கும் தருவாயிலுள்ள படைத்தலைவன் ஒருவனும் வீரன் ஒருவனும் உரையாடுகிறார்கள். தோற்றுப்போன படையின் தலைமை அவ்வீரனிடம் ஒப்படைக்கப்படுகிறது. வழிநடத்த ஒருவரும் மீந்திருக்கவில்லை. சிலுவையும் யூதப் பேரழிவும் ஒரே மூச்சில், கசந்த நகைச்சுவையோடு, அங்கு பேசப்படுகின்றன. ஒரு யூதர் இதனைப் பாடும்போது கிறிஸ்தவச் செவிகள் கூசுவது இயல்பே. அக்கூச்சத்தினின்று விரைந்து விலகாமல் சற்றே நிற்பது, ஐரோப்பியத் திருச்சபைகளின் யூத வெறுப்பு வரலாற்றைக் கற்போர்க்குப் பயனளிக்கும்.

‘ஹன்டர்ஸ் லலபை’ ஒரு தாலாட்டு. வேட்டைக்குச் சென்று திரும்பாத தந்தையைக் குறித்துத் தாய் பாடுகிறாள். விடப்பட்ட பெண்ணின் குரல் இங்கேனும் ஒலிப்பது ஆறுதல். ‘ஹார்ட் வித் நோ கம்பானியன்’ ஆசீர்வாதம் கூறும் பாடல். பிள்ளையற்ற தொட்டிலை உடையவர்க்கும், நிறைவேறாப் பொருத்தனை உடையவர்க்கும், துணையற்ற நெஞ்சுக்கும் துயரத்தைக் கடந்த கரையிலிருந்து வாழ்த்து அனுப்பப்படுகிறது. மலைப்பிரசங்கத்தின் பாக்கிய வசனங்களை ஒத்த தொனி இதில் உண்டு.

ஒன்பதாவதும் இறுதியானதுமான ‘இஃப் இட் பி யுவர் வில்’ ஒரு மன்றாட்டு. ‘உமது சித்தமாயிருக்கக்கடவது’ எனத் தொடங்கும் எபிரெய வேண்டுதல் மரபை இது தழுவியது. பாடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், இறைவனுக்குச் சித்தமானால் இனிப் பேசாதிருக்கவும் ஆயத்தம் என்கிறார். சித்தமானால் மீண்டும் பாடவும் ஆயத்தம் என்கிறார். பின்னர் தமக்காக வேண்டுவதை விடுத்து, நரகில் எரியும் நெஞ்சங்கள்மேல் இரக்கம் பொழியும்படி கேட்கிறார். ஆரவாரம் இல்லை, முழக்கம் இல்லை. புதிய இசைத்தட்டு ஏதுமின்றி ஐந்தாண்டுகள் கழித்தவர், அந்த மௌனத்தையே காணிக்கையாக வைக்கிறார்.

கெத்செமனேயில் நம் ஆண்டவர் ஏறெடுத்த மன்றாட்டும் (மத்தேயு 26:39–42), அவர் கற்பித்த ஜெபமும் இதே எபிரெய மரபில் நிற்பவை. கோஹன் கிறிஸ்தவரல்லர். 1990களில் ஜென் பௌத்த மடத்தில் ஐந்தாண்டுகள் வாழ்ந்து 1996இல் துறவியாக அருட்பொழிவு பெற்றபோதும், தாம் யூதரே என்பதில் உறுதியாயிருந்தார். அவரைக் கிறிஸ்தவராக்கிப் படிப்பது அவருக்கும் நமக்கும் நேர்மையன்று. இயேசு எந்த மொழியில், எந்த மக்களோடு, எவ்வகையில் ஜெபித்தாரோ, அந்த மரபிலிருந்து ஓர் அயலாரின் ஜெபமாக இதைக் கேட்பதே தகும்.

2016 அக்டோபர் 21 அன்று, தம் இறப்புக்குப் பதினேழு நாள்களுக்கு முன், கோஹன் தம் வாழ்நாளின் கடைசி இசைத்தட்டை வெளியிட்டார். அதில் ‘ஷார் ஹஷோமயிம்’ ஜெபஆலயப் பாடகர் குழுவினர் உடன் பாட, ஆபிரகாம் மோரியாவில் கூறிய ‘இதோ, அடியேன்’ என்னும் எபிரெயச் சொல்லை அவர் உச்சரிக்கிறார். 1984இல் ‘சித்தமானால்’ என்று வேண்டியவர் 2016இல் ‘இதோ’ என்று கூறினார். முந்தியதைக் கேளாதவர்க்குப் பிந்தியதன் ஆழம் விளங்காது.

6. நமக்கு

இந்த இசைத்தட்டின் ஒன்பது பாடல்களும் சேர்ந்து ஏறத்தாழ 35 நிமிடங்களே ஓடுகின்றன. நம் ஞாயிறு அருளுரைகளுள் சில அதற்கும் நீண்டவை. அந்த 35 நிமிடங்களில் துதிக்கு முன்னே நான்கு நிலைகளும் பின்னே நான்கு நிலைகளும் வைக்கப்பட்டுள்ளன. நடுவிலுள்ளதை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது. திருச்சபைகளும் அவ்வாறே செய்துள்ளன. கிறிஸ்து பிறப்பு நாளுக்கென்றும் உயிர்த்தெழுந்த திருநாளுக்கென்றும் இம்மெட்டுக்குப் புதிய சொற்கள் எழுதப்பட்டுப் பாடப்படுகின்றன. பாவமும் வழக்கும் இல்லாத அல்லேலூயா அங்கு கிடைக்கிறது. ஆனால் மெட்டு நம்மைத் தொடுவதற்குக் காரணமாயிருந்த போராட்டம் அங்கில்லை.

சங்கீதங்களை நாம் கையாளும் முறையும் இதனின்று வேறுபட்டதன்று. துதியின் சங்கீதங்களைத் தெரிந்தெடுத்து, 88ஆம் சங்கீதத்தையும் 137ஆம் சங்கீதத்தையும் ஆராதனையில் வாசியாது கடந்து செல்கிறோம். அடக்க ஆராதனையிலும்கூட அழுகைக்கு இடந்தராமல் ஆறுதலுக்கு விரைகிறோம். அல்லேலூயாவுக்கு முன்னுள்ள நூறு பாடல்களை அறியாத சபை, அல்லேலூயாவை உரக்கச் சொல்லக்கூடும்; அது எவ்விலை கொடுத்து வாங்கப்பட்ட சொல் என்பதை அறிய மாட்டாது.

ஆங்கிலம் அறிந்த மாணவர்கள் சங்கீதப் பாடத்தைக் கற்கும் பருவத்தில் இந்த இசைத்தட்டை ஒருமுறை தொடக்கத்திலிருந்து இறுதிவரை, இடைநிறுத்தாமல், வரிசை மாற்றாமல் கேட்பார்களாக. பின்னர் 51ஆம் சங்கீதத்தையும் 88ஐயும் 104ஐயும் அவ்வரிசையிலேயே வாய்விட்டு வாசிப்பார்களாக. அடுத்த ஞாயிறன்று தங்கள் சபையில் அல்லேலூயா ஒலிக்கும்போது, அச்சொல்லுக்கு முன்னே யார் யாருடைய அழுகை நிற்கிறது என்னும் வினா அவர்கள் உள்ளத்தில் எழுமாயின், அமெரிக்காவில் ஏற்க மறுக்கப்பட்ட அந்த இசைத்தட்டு நமது பயிற்சிக்கும் உதவியதாகும்.